அக்காவுக்கு எதற்கு ரசீது?

பிப்ரவரி 6

என் அன்பு அக்காவுக்கு,

லேப்டாப்பை வெளியே எடுப்பதற்கு முன் இதைப் படித்து முடி. போனில் சொன்னால் பாதியிலேயே "சரி சரி, எல்லாம் எனக்குத் தெரியும்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதமாக எழுதிப் பெட்டிக்குள்ளேயே போட்டு ஒட்டியிருக்கிறேன். பிள்ளைகள் எல்லாம் ஆளாகிப் போன பிறகு நீ வேலைக்குக் கிளம்புகிறாய் என்று கேட்டதிலிருந்து கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்ததைக் காதில் கேட்டு, அறிக்கையாகத் தட்டச்சு செய்வது என்றால் லேசான காரியமா? டாக்டர் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சொன்னாலே எனக்குப் பாதி புரியாது.

பழைய லேப்டாப் என்றதும் மாமா முகத்தைச் சுளிப்பார், தெரியும். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் சொல்வதையெல்லாம் செய்து காட்டு. மூடியைப் பாதி திறந்து கையை எடு. விழாமல் அங்கேயே நிற்கும். கீல் தளர்ந்த லேப்டாப்பை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. திருப்பிப் போட்டு அடியில் இருக்கிற திருகாணிகளைப் பார். தலை தேய்ந்திருந்தால் கண்டவர்களும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இதில் ஒன்றுகூடத் தேயவில்லை. திரையை முழுக்க வெள்ளையாக வைத்துப் பார்த்தேன், கறுப்பாக வைத்துப் பார்த்தேன், ஒரு புள்ளி கிடையாது. பேட்டரி புதிதில் எவ்வளவு பிடித்ததோ அதில் முக்கால் பங்குக்கு மேல் இன்னும் பிடிக்கிறது. எல்லா எழுத்தையும் தட்டிப் பார்த்தாகிவிட்டது. பக்கவாட்டில் இருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும் பென்டிரைவைச் செருகிப் பார்த்தேன், ஏனென்றால் நீ காலால் மிதித்துப் பதிவை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக ஒரு மிதிகட்டை கொடுப்பார்கள் என்றாயே, அதை அங்கேதான் மாட்ட வேண்டும். காதில் மாட்டுகிற ஒயரில் கரகரப்பு வந்தால் உன் பிழைப்பே கெட்டது என்று இரண்டு பாட்டை முழுசாகக் கேட்டேன். கடைக்கு வருகிறவர்களுக்குக்கூட நான் இவ்வளவு பார்ப்பதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உன் கழுவுகிற புத்தியை இதில் காட்டாதே. புதுத் தட்டு வாங்கினாலே தேய்த்துக் கழுவி வெயிலில் கவிழ்த்து வைத்த பிறகுதான் அதில் சாப்பாடு போடுகிற ஆள் நீ. மேலே துணியால் எவ்வளவு வேண்டுமானாலும் துடைத்துக்கொள். உள்ளே எதையும் அழிக்காதே. எல்லாம் நானே சுத்தம் செய்து தயாராக வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய பணம் வந்து சேர்ந்தது. ரசீது வேண்டும் என்று எழுதியிருந்தாய். அக்காவுக்கு எதற்கு ரசீது? ஏதாவது ஆனால் கடைக்காரன் காதைப் பிடித்துத் திருகுகிற உரிமை உனக்கு இருக்கிறதே, அதைவிடவா ஒரு துண்டுத்தாள்?

முதல் நாள் எப்படிப் போனது என்று எழுது.

உன் செல்லத் தம்பி,
வாலு

*

பிப்ரவரி 17

தம்பிக்கு,

மேலே "அன்புள்ள" என்று எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

போனில் உன்னைக் கூப்பிடப் போவதில்லை. போனில் நீ சிரிப்பாய். நான் கத்த ஆரம்பிப்பேன், நீ ஏதாவது சொல்லி என்னையும் சிரிக்க வைப்பாய், கடைசியில் எதற்குக் கூப்பிட்டேன் என்பதே மறந்து "சாப்பிட்டியா?" என்று கேட்டு வைத்துவிடுவேன். இத்தனை வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. முழுசாகக் கேள்.

நேற்று பயிற்சியின் முதல் நாள். நீளமான ஒரு மேஜை, அதைச் சுற்றி ஆறு பெண்கள், அவரவர் லேப்டாப். பயிற்சி முடிந்தால் வீட்டிலிருந்தே வேலை என்பதால் சொந்த லேப்டாப் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எல்லாரும் புதிது வைத்திருந்தார்கள், என்னுடையது மட்டும்தான் பழையது. வெட்கப்பட்டேன் என்று நினைக்கிறாயா? தலையை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ எழுதியிருந்ததை வரி விடாமல் ஒப்பித்தேன். மூடியைப் பாதியில் நிறுத்திக் காட்டினேன். கவிழ்த்துப் போட்டுத் திருகாணியைக் காட்டினேன். "என் தம்பி கடையில வாங்கினது, அவன் பாத்துக் கொடுத்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றேன். எனக்குப் பக்கத்தில் தடிமனான கண்ணாடி போட்ட ஒருத்தி இருந்தாள். "எங்க வீட்டுல பொண்ணுக்கு ஒண்ணு வேணும்க்கா, உங்க தம்பி நம்பர் கொடுங்க" என்றாள். மதியம் தருகிறேன் என்றேன்.

பிறகு அவர்களுடைய மென்பொருளை ஏற்றச் சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. யார் வைத்திருந்த லேப்டாப்போ, அவர் அதில் என்னென்ன போட்டு வைத்திருந்தாரோ, அதன் மேலேயே நோயாளிகளின் சமாசாரத்தைக் கொட்டுவதா? எச்சில் தட்டில் பரிமாறுகிற மாதிரி இருந்தது. நீ வேண்டாம் என்று எழுதியிருந்தது ஞாபகம் இருந்தது. நீ வேண்டாம் என்பது சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்டேன். "எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கறதுதான் நல்லது மேடம்" என்றார். அழுத்தினேன். மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்தால் திரையில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், அதன் சின்னம், கீழே "நல்வரவு, உங்கள் அலுவலக மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொடுங்கள்." நான் ஏதோ விளம்பரம் என்று நினைத்தேன். கணினிக்காரர் குனிந்து பார்த்தார். முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. "மேடம், இது அந்தக் கம்பெனியோட மெஷின். அவங்க கணக்குல இருந்து இன்னும் விடுவிக்கவே இல்ல. எங்க வாங்கினீங்க?" என்றார். காலையிலெல்லாம் மார் தட்டிச் சொன்ன அதே வார்த்தையை, "என் தம்பி கடையில" என்பதை, போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிறவள் மாதிரிச் சொன்னேன்.

மேற்பார்வை அம்மாள் என்னைத் தனியே கூப்பிட்டார். அதட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவர் மெதுவாகப் பேசினார். "ரசீது இருக்கா?" என்றார். இல்லை என்றேன். "ஆஸ்பத்திரி ரகசியம் நம்ம கையில இருக்கு. இன்னொரு கம்பெனியோட பொருள் நம்ம அறைக்குள்ள எப்படி வந்துச்சுன்னு என்னைக் கேப்பாங்க. நீங்க எடுத்தீங்கன்னு சொல்லலம்மா. எங்கிருந்து வந்ததுன்னு ஒரு பேப்பர் கொண்டு வாங்க. அது வரைக்கும் பயிற்சிக்கு வராதீங்க" என்றார். அடுத்த மாதம் முதல் வாரத்துக்குள் காகிதம் வராவிட்டால் என் இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

பையை எடுக்க என் நாற்காலிக்குத் திரும்பி வந்தேன். கண்ணாடிக்காரியின் கைப்பை அதுவரை எங்கள் இருவருக்கும் நடுவில் தரையில் இருந்தது. நான் வருவதைப் பார்த்ததும் அவள் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னைப் பார்த்துத்தான், தம்பி. என்னைப் பார்த்து!

இந்த வேலைக்காக நான் என்ன பாடுபட்டேன் என்று உனக்குத் தெரியும். சமையலறைச் சுவர் முழுக்க மருந்துப் பெயரை எழுதி ஒட்டினேன். கொதிக்கிறதைக் கிளறிக்கொண்டே எழுத்துக்கூட்டிப் படித்தேன். தேர்வு எழுத வந்த சின்னப் பெண்களுக்கெல்லாம் முன்னால் என் பெயர் வந்தது. வெண்ணெய் திரண்டு வருகிற நேரத்தில் தாழியை உடைத்துவிட்டாய்.

நீ இதை யாரிடம் வாங்கினாய், அதற்கு என்ன காகிதம், எனக்கு விற்றதற்கு ரசீது, கடை முத்திரையோடு, உடனே அனுப்பு. உன் மாமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலாம்.

அக்கா

*

பிப்ரவரி 21

அக்கா,

காதைப் பொத்திக்கொண்டுதான் உன் கடிதத்தைப் படித்தேன். இந்தத் தெருவே கேட்டிருக்கும்.

கோபித்துக்கொள்ளாதே, முதலில் நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். அழிக்காதே என்று எழுதியிருந்தேனா இல்லையா? ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த லேப்டாப் அது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டு என் மேல் பாய்ந்தால் நான் என்ன செய்வேன்? சோம்பேறித்தனமாம்! ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து உன் லேப்டாப்பை மட்டும் பார்த்தவன் சோம்பேறியா? எனக்கும் ரோஷம் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் பழையதை ஒட்டுமொத்தமாகக் கழித்துவிடும்போது தங்கள் பெயரை எடுக்க மறந்துவிடுவது சகஜம். அதைப் போய் ஏதோ கொள்ளை மாதிரிப் பேசுகிறார்கள். உன் கணினிக்காரருக்கு வேலை தெரியாது, பயமுறுத்தத்தான் தெரியும். கண்ணாடிக்காரி மடியில் பையை வைத்ததற்கெல்லாம் கண்ணீர் விடாதே. சீப்பு தேடியிருப்பாள்.

இதோடு ஒரு பென்டிரைவ் வைத்திருக்கிறேன். இணையத்தை முழுசாக அணைத்துவிட்டு இதைச் செருகி, கேட்கிற கேள்விக்கெல்லாம் "சரி" என்று அழுத்திக்கொண்டே போ. பழையபடி ஆகிவிடும், எந்தப் பெயரும் வராது. "தப்பா அழுத்திட்டேன் மேடம், சரியாயிடுச்சு" என்று உன் மேற்பார்வை அம்மாளிடம் காட்டிவிட்டு நிம்மதியாக வேலையைப் பார். அப்புறம் மறந்தும் அழிக்காதே.

ரசீது புத்தகம் தீர்ந்துபோய் அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன். வந்ததும் பார்க்கலாம். அதுவரை கடைப் பெயர், தெரு என்று எதையும் அங்கே எழுதிக் கொடுத்துவிடாதே. சின்ன விஷயத்தை ஊதிப் பெரிதாக்கிவிடுவார்கள்.

சிரித்தாயா இல்லையா? ஒரு தடவையாவது சிரித்திருப்பாய்.

வாலு

*

பிப்ரவரி 25

தம்பி,

சிரிக்கவில்லை.

பென்டிரைவைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். செருகவில்லை. காகிதம் கேட்டால் வித்தை அனுப்புகிறாய். ரசீது புத்தகம் தீர்ந்துபோன கடையை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். யார் காதில் பூ சுற்றுகிறாய்?

அலுவலக வாசலில் காத்திருந்து அந்தக் கணினிக்காரரைப் பார்த்தேன். வேலை தெரியாதவர் என்றாயே, அவர்தான் சொன்னார்: "பழசு வாங்கறவங்க கீலு, பேட்டரி எல்லாம் பாப்பாங்க. முதல்ல பாக்க வேண்டியது இதுதான் மேடம். எல்லாத்தையும் அழிச்சு, இணையத்துல மாட்டி, முதல் திரை வர்ற வரைக்கும் உக்காந்து பாக்கணும். யார் பேராவது வந்தா வாங்கக் கூடாது. வித்தவருக்கு இது தெரியாம இருக்காது. இணையத்தைத் துண்டிச்சு வெச்சு ஏத்தினாத்தான் அந்தப் பேர் வராம இருக்கும்." நான் அப்போதும் உனக்காகத்தான் பேசினேன். "அவன் வேற யார்கிட்டயாவது கொடுத்துப் பண்ணியிருப்பான்" என்றேன். சொல்லும்போதே வாய் கூசியது. நீதான் நாள் முழுக்க உட்கார்ந்து இதை மட்டும் பார்த்ததாக எழுதியிருக்கிறாயே.

ஒரே கேள்வி. திருகாணித் தலையைக்கூடக் குனிந்து பார்த்தவனுக்கு இது தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை எழுது, போதும். வேடிக்கை வேண்டாம்.

அக்கா

*

மார்ச் 1

அக்கா,

தெரியும்.

ஒரு வார்த்தை போதும் என்றாய். அதோடு நிறுத்தினால் நான் வேண்டுமென்றே உனக்குக் குழி பறித்த மாதிரி ஆகிவிடும், அதனால் மீதியையும் எழுதுகிறேன்.

அந்தக் காப்பீட்டு நிறுவனத்தின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய லேப்டாப்புகளை உடைத்துப் போடச் சொல்லி அவருக்கு மேலேயிருந்து உத்தரவு வந்திருக்கிறது. "உடைச்சதா எழுதிட்டேன், நீ எடுத்துக்க" என்றார். அவர் கேட்ட விலைக்கு எனக்குக் கேள்வி கேட்கத் தோன்றவில்லை. எல்லாமே நல்ல நிலையில் இருந்தன. நல்ல பொருளைச் சுத்தியலால் அடித்து நொறுக்குவதுதான் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். அந்தப் பெயர் விஷயம் இரண்டை விற்ற பிறகுதான் தெரிந்தது. இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். ஒருவர் கடை வாசலில் நின்று கத்தினார் பார், எதிர்க்கடைக்காரர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். இன்னொருவர் லேப்டாப்பை என் மேஜைமேல் எறிந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றோடு முடிவு பண்ணினேன், இதை வெளியாளுக்கு விற்கவே முடியாது, மானம் போய்விடும் என்று. மிச்சத்தைப் பரண்மேல் ஏற்றி வைத்தேன்.

அந்த நேரத்தில்தான் நீ கேட்டாய். சத்தியமாகச் சொல்கிறேன், இருந்ததிலேயே நல்லதாகப் பார்த்து உனக்கு எடுத்தேன். வீட்டோடு வைத்துக்கொண்டு தட்டச்சுதானே செய்யப் போகிறாய், யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? ஏதாவது ஆனாலும் அக்காதானே, பொறுத்துப் போவாள் என்று இருந்துவிட்டேன். நீ அதையும் கழுவுவாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அது என் முட்டாள்தனம்.

இப்போது ஒன்று சொல்கிறேன், தள்ளாதே. சந்தையில் தரையில் விரித்து விற்கிற ஒருவனிடம் வாங்கினேன், முகம் ஞாபகம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடு. தம்பி கடை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேனே என்பாய். மற்றவர்கள் புதிது வைத்திருந்தார்கள், சந்தையில் வாங்கியதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, அதனால் தம்பி கடை என்று பொய் சொல்லிவிட்டேன் என்று சொல். பெண்கள் அப்படிச் சொன்னால் நம்புவார்கள்.

அந்த வேலை போனாலும் உனக்கு என்ன அக்கா, மாமா சம்பளம் இருக்கிறது. ஒரு ஆசைக்குத்தானே போகிறாய்? எனக்குக் கடை போனால் எல்லாமே போனது. ஊரை விடு, என் வீட்டுக்காரியிடம் நான் என்ன சொல்வேன்? அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் என்னைத் திரும்பிப் பார்க்க மாட்டாள்.

காலில் விழுந்து கேட்பதாக நினைத்துக்கொள்.

தம்பி

*

மார்ச் 6

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்று சமைக்கவில்லை. உன் மாமா வந்து அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போய்க் கடையில் வாங்கி வந்தார். அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "நீ என்ன செஞ்சாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்" என்றார். மறுநாள் காலையில் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பயிற்சி நடக்கிற இடத்துக்குக் கிளம்பினேன்.

பெண்கள் அப்படிச் சொன்னால் நம்புவார்களாம்! என்ன தைரியம் உனக்கு? திருட்டுப் பொருளை வைத்திருந்தவள் என்ற பெயர் போதாதென்று பொய் சொல்கிறவள், வெட்கங்கெட்டவள் என்ற பெயரையும் நானே என் கையால் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். எதற்கு? எதிர்க்கடைக்காரன் உன்னை வேடிக்கை பார்க்கக் கூடாது என்பதற்கு. உன் மானம் மானம், என் மானம் சந்தையில் தரையில் விரித்தது, அப்படித்தானே?

ஆசைக்கு வேலைக்குப் போகிறேனாம். ஆமாம், ஆசைக்குத்தான் போகிறேன். இத்தனை வருஷத்தில் நான் ஆசைப்பட்டுக் கேட்டது வேறு என்ன இருக்கிறது, சொல்லு பார்ப்போம். ஆசை என்றால் அவ்வளவு இளப்பமா? நீ கடை திறக்க வேண்டும் என்றபோது அதுவும் ஆசைதான். அன்றைக்கு யாரும் உன்னிடம் அப்படிக் கேட்கவில்லை.

மேற்பார்வை அம்மாள் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். உன் கடையின் பெயர், தெரு, கதவு எண் எல்லாம் எழுதினேன். விற்றவர் யார் என்ற இடத்தில் "என் தம்பி" என்று எழுதினேன். அந்த அம்மாள் படித்துவிட்டு, "கூடப் பொறந்தவரா?" என்றார். ஆமாம் என்றேன். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா?" என்றார். "யோசிச்சுத்தான் எழுதினேன். அழுதுட்டும் எழுதினேன்" என்றேன். அவர் தன் கைக்குட்டையை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். உன் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. கிடங்குக்காரர் விஷயத்தையும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

லேப்டாப்பை உறையில் போட்டு ஒட்டி அந்த நிறுவனத்துக்கே அனுப்பிவிட்டார்கள். உன் முகவரியும் கூடவே போயிருக்கிறது. உன்னிடம் வந்து கேட்பார்கள். எப்போது என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வருகிற வரை உட்கார்ந்திருக்காதே. பரண்மேல் இருப்பதையெல்லாம் இறக்கி எடுத்துக்கொண்டு நீயே அவர்களிடம் போய், நடந்ததை நடந்தபடி சொல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்காதே. போவதற்கு முன் உன் வீட்டுக்காரியை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடு. அவளும் ஊரார் முன்னால் நின்றுகொண்டு தெரிந்துகொள்ள வேண்டாம். அந்த நிற்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இத்தனை நாள் போகாததால் இந்தப் பயிற்சி எனக்குப் போய்விட்டது. அடுத்த குழுவில் சேர்த்துக்கொள்கிறோம் என்றிருக்கிறார்கள், வேறு லேப்டாப் கொண்டுவந்தால். நேற்றுப் போய் வாங்கிவிட்டேன். அதுவும் பழையதுதான். "புதுசே வாங்கேன், நான் தர்றேன்" என்றார் உன் மாமா. வேண்டாம் என்றேன். ஒரு தடவை ஏமாந்தால் பழையது எல்லாமே கெட்டது என்று பயந்து ஓடுகிறவளா நான்?

முன்பின் தெரியாத கடை, முன்பின் தெரியாத மனுஷன். ஒன்று விடாமல் பார்த்தேன். மூடியைப் பாதி திறந்து கையை எடுத்தேன், ஒன்று தொங்கியது, தள்ளி வைத்தேன். இன்னொன்றில் திருகாணி தேய்ந்திருந்தது. மூன்றாவதன் அடியில் ஒட்டியிருந்த தொடர் எண்ணும் திரையில் வந்த எண்ணும் ஒன்றா என்று படிக்கச் சொன்னேன். மேற்பார்வை அம்மாளிடம் கேட்டு வாங்கிய மிதிகட்டையைக் கையோடு கொண்டுபோய் ஓட்டை ஓட்டையாக மாட்டினேன். காதில் மாட்டிக் கேட்டேன். அதெல்லாம் பொறுத்துக்கொண்டார். கடைசியில் "எல்லாத்தையும் அழிச்சு, இணையத்துல மாட்டி, முதல் திரையைக் காட்டுங்க" என்றதும்தான் முகம் மாறியது. "அது ரொம்ப நேரம் எடுக்கும்மா. நம்பிக்கை இல்லையா?" என்றார். "இல்லைங்க" என்றேன். "கூடப் பொறந்தவனையே நம்பி வாங்கிப் பாத்துட்டேன், உங்களை எதுக்கு நம்பணும்? நான் உக்கார்றேன், நீங்க ஆரம்பிங்க" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். கடையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இவ்வளவு குரல் இருக்கிறது என்று எனக்கே தெரியாது.

உட்கார்ந்தேன். ஓடி முடிந்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது, யார் பெயரும் வரவில்லை. அவர் கேட்காமலே ரசீது எழுதினார். எழுதிக்கொண்டே, "இந்த அளவுக்கு யாரும் பாத்ததில்லம்மா. யாரு சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். ரசீதை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

ஒன்றை மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறேன். தெரியாமல் கொடுத்திருந்தால் ஒரு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். பயத்தில் பொய் சொன்னதைக்கூட, போகிறான் சின்னவன் என்று விட்டிருப்பேனோ என்னவோ. வெளியாளுக்கு விற்றால் வாசலில் வந்து கத்துவார்கள், அக்கா என்றால் பொறுத்துப் போவாள் என்று உன் கைப்பட எழுதியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. லேப்டாப்பில் எதையெதையோ பார்த்தாய். என்னிடம் நீ பார்த்தது அது ஒன்றைத்தான். இவள் வாய் திறக்க மாட்டாள் என்று பார்த்துத்தான் என் தலையில் கட்டினாய்.

இனிமேல் என்னை வெளியாளாகவே வைத்துக்கொள். நீ நல்ல சரக்கு கொடுப்பது அவர்களுக்குத்தான்.

அக்கா